கட்டிலும் மாளிகையும்: மலாயாப் பெருவிடுதிகளின் வரலாறும் தமிழர் தடமும்

கோத்தா திங்கி என்னும் ஊர்ப்பெயரிலேயே நமக்கு ஒரு பழைய உறவு இருக்கிறது. 'கோத்தா' என்பது வடமொழி வழியே மலாய்க்கு வந்த சொல். அவ்வடமொழிச் சொல்லின் வேர் திராவிடம் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. நம் 'கோட்டை' அதற்கு உறவுச் சொல். 'திங்கி' என்றால் உயர்ந்தது. உயர்ந்த கோட்டை எனப் பொருள்படும் இவ்வூர், ஜொகூர் ஆற்றின் கரையில், 1699இல் கொலையுண்ட சுல்தான் மாமூட்டின் அடக்கத்தலத்தைத் தன்னிடத்தே கொண்டு, தன் வரலாற்றை அமைதியாகச் சுமந்து நிற்கிறது.

இவ்வூரில் பளிங்குத் தரையும் பெருந்தூண்களும் உடைய பழம்பெரும் தங்கும் விடுதி எதுவும் எழுந்ததில்லை. ஆயினும், இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட சாலைப் பயணத்தில் ஜொகூர் பாரு வந்துவிடுகிறது. அங்கிருந்து, 1924இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட கடற்பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். ஆசியாவின் பெயர்பெற்ற விடுதிகளுள் ஒன்று அக்கரையில் இருக்கிறது. மற்றொன்று பினாங்கின் கடலோரத்திலும் வேறு சில கோலாலம்பூரிலும் உள்ளன. அவ்விடுதிகளில் தங்கிய எழுத்தாளர்களைப் பற்றியும் அரச குடும்பத்தாரைப் பற்றியும் நூல்கள் பல வந்துள்ளன. சாமர்செட் மாம் அமர்ந்த நாற்காலியைப் பற்றிக்கூட நமக்குச் சொல்வோர் உண்டு. இக்கட்டுரையில் நாம் கேட்கப்போவது வேறொரு கேள்வி. இவ்விடுதிகளின் வரலாற்றில் தமிழர் எங்கே இருக்கின்றனர்? விருந்தினர் பதிவேட்டில் அவர்தம் பெயரைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். வேறு இடங்களில் தேடவேண்டும். சொற்களிலும் சுண்ணாம்பிலும் கணக்கேடுகளிலும் தேடுவோமாயின் அவர்களைக் காணலாம்.

1. சொல்லிலிருந்து தொடங்குவோம்

'ஹோட்டல்' என்னும் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. அதன் மூலம் இலத்தீன். மருத்துவமனையைக் குறிக்கும் 'ஹாஸ்பிடல்', மாணவர் தங்குமிடத்தைக் குறிக்கும் 'ஹாஸ்டல்' ஆகியனவும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. அவ்வேர்ச்சொல்லாகிய 'ஹோஸ்பெஸ்' இலத்தீனில் விருந்து அளிப்பவரையும் குறித்தது, விருந்தினரையும் குறித்தது. ஈவோனும் ஏற்போனும் ஒரே சொல்லில் அடங்கினர்.

தமிழில் 'விருந்து' என்னும் சொல்லின் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியர் எட்டு வனப்புகளுள் ஒன்றாக 'விருந்து' என்பதனைக் கூறும்போது புதிதாகப் புனையப்படும் யாப்பையே கருதுகிறார். புதிதாய் வந்தவர் விருந்தினராயினர். அவருக்குப் படைக்கும் உணவும் விருந்தாயிற்று. வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். வந்தவரைத் தங்கவைத்து உணவிடுதல் இல்லத்தின் கடமையாக இருந்தது. அது கடையின் தொழிலாக இருக்கவில்லை.

இல்லத்திற்கு வெளியே, வழிப்போக்கர்க்கு அமைந்தவை சத்திரமும் சாவடியும். 'சத்திரம்' வடமொழியின் 'சத்ர' என்பதன் தமிழ் வடிவம். நீண்ட வேள்வியையும் அதனைச் சார்ந்த அன்னதானத்தையும் குறித்த அச்சொல், தமிழகத்தில் அறவிடுதிக்குப் பெயராயிற்று. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி 1802இல் ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தம்மாள் சத்திரம் அம்மரபின் பெருஞ்சான்று. 'சாவடி' ஆங்கிலேயர் வாயில் 'சௌல்ட்ரி' ஆகி, அவர்தம் அகராதிகளிலும் ஏறிற்று.

இங்கே மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை தேவை. கோலாலம்பூர்ப் பழைய இரயில் நிலையத்தின் உச்சியில் குடைபோன்ற சிறு மண்டபங்கள் உள்ளன. கட்டடக்கலையில் அவற்றைச் 'சத்ரி' என்பர். பயணியர் வந்து தங்கும் இடத்தில் 'சத்ரி' இருப்பதால், அது 'சத்திரம்' என்பதோடு தொடர்புடையது என்று கருதத் தோன்றும். உண்மையில் 'சத்ரி' என்பது குடையைக் குறிக்கும் வேறொரு வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் அக்குடைச் சொல்லும் 'சத்திரம்' என்றே எழுதப்பட்டது. எனவே ஓர் எழுத்துருவில் இரு சொற்கள் உள்ளன. ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. சொல்லாய்வில் கற்கும் இப்பாடம் வரலாற்றாய்வுக்கும் பொருந்தும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

'ஹோட்டல்' தமிழுக்கு வந்தபோது அதன் பொருள் சுருங்கியது. 'ஓட்டல்' என்றால் தமிழகத்தில் பெரும்பாலும் உணவுக்கடைதான். தங்குமிடத்திற்கு 'லாட்ஜ்' என்றும் 'விடுதி' என்றும் வேறு சொற்கள் வேண்டியிருந்தன. மலாய்மொழியோ அரசினர் கட்டிய சிறு பயணியர் விடுதிக்கு 'ருமா ரேஹாட்' என்று பெயரிட்டது. 'ருமா' என்றால் வீடு. 'ரேஹாட்' அரபியிலிருந்து வந்த ஓய்வுச் சொல். மலாயாவின் மாவட்டத் தலைநகர்கள் பலவற்றில், சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்காக இத்தகைய ஓய்வு விடுதிகள் அமைக்கப்பட்டன. பெருநகரில் பெருவிடுதியும் சிற்றூரில் ஓய்வு விடுதியும் ஒரே ஆட்சி அமைப்பின் இரு படிகளாக இருந்தன.

2. ஆர்மீனியச் சகோதரரும் அராபிய நில உடைமையாளரும்

பெருவிடுதிகளை 'ஆங்கிலேயர் விடுதிகள்' என்று சொல்லுதல் வழக்கம். அவற்றைத் தோற்றுவித்தவர் ஆங்கிலேயர் அல்லர். பாரசீகத்தின் இசுபகான் பகுதியிலிருந்து வந்த ஆர்மீனியச் சகோதரராகிய சார்க்கீஸ் குடும்பத்தாரே அவற்றைத் தோற்றுவித்தவர். மார்ட்டின், திக்ரான், அவியத், அர்சாக் என்போர் அச்சகோதரர் நால்வர். 1880களின் நடுவில் பினாங்கில் அவர்கள் தொடங்கிய விடுதியே பின்னர் ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் விடுதியாயிற்று. 1887 டிசம்பர் 1 அன்று சிங்கப்பூரின் பீச் ரோட்டில், பத்து அறைகள் கொண்ட ஒரு பழைய பங்களாவில் ராஃபிள்ஸ் விடுதி திறக்கப்பட்டது. அந்நிலமும் வீடும் அராபிய வணிகரான சையது முகமது அல்சாகோஃப் என்பவருடையவை. 1901இல் ரங்கூனில் ஸ்ட்ராண்டு விடுதியும் இச்சகோதரர் கையில் எழுந்தது.

ஆர்மீனியர் நடத்த, அராபியர் நிலம் தர, ஆங்கில ஆளுநர் ஒருவரின் பெயர் தாங்கி எழுந்த விடுதியில் சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் பணி செய்தனர். அக்காலத் துறைமுக நகரத்தின் சமூக அமைப்பு முழுவதும் அவ்விடுதியின் கூரைக்கீழ் இருந்தது. ஆனால், யார் எந்தக் கதவின் வழியே உள்ளே நுழைந்தனர் என்பதில்தான் வேறுபாடு இருந்தது.

தாயகத்திலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. சென்னையில் 1854இல் இம்பீரியல் எனத் தோன்றி, 1886இல் அல்பனி ஆகி, 1890இல் ஆளுநர் கன்னிமரா பிரபுவின் பெயரைத் தாங்கிய விடுதி இன்றும் நிற்கிறது. கொழும்பின் காலிமுகத்திடல் கடற்கரையில் 1864இல் தோன்றிய காலிமுக விடுதியும் இன்றளவும் இயங்குகிறது. நீராவிக் கப்பல் வந்து நிற்கும் துறைமுகங்களில் இத்தகைய விடுதிகள் பின்னர்ப் பெருகியதற்கு ஒரு காரணம் உண்டு. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐரோப்பாவிலிருந்து கிழக்கே வருவோரின் பயணம் சுருங்கியது; வருவோர் தொகை பெருகியது.

3. வெப்பத்திற்குக் கட்டடம் சொன்ன விடை

ராஃபிள்ஸ் விடுதியின் இன்றைய முதன்மைக் கட்டடம் 1899இல் நிறைவுற்றது. அதனை வரைந்தவர் சுவான் அண்டு மெக்லேரன் நிறுவனத்தில் பணியாற்றிய ரீஜண்ட் ஆல்பிரட் ஜான் பிட்வெல். இவர் அதற்குமுன் சிலாங்கூர்ப் பொதுப்பணித் துறையில் இருந்தபோது, இன்று சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் எனப்படும் கோலாலம்பூர் அரசு மாளிகையின் வடிவமைப்பிலும் பங்கு கொண்டவர். கோலாலம்பூரில் முகலாய வளைவுகளையும் செம்பு வேய்ந்த குவிமாடங்களையும் வரைந்த அதே கை, சிங்கப்பூரில் ஐரோப்பிய மறுமலர்ச்சிப் பாணியில் வெண்ணிறத் தூண்களை வரைந்தது. பாணி என்பது அக்காலக் கட்டடக் கலைஞருக்கு ஓர் உடை. இடத்திற்கேற்ப அதனை மாற்றினர்.

உடைக்குள் இருந்த உடலை வடிவமைத்தது வெப்பமே. உயர்ந்த கூரை வெப்பக் காற்றை மேலே ஏற்றிவிட்டது. அறைகளின் முன்னே ஓடிய அகன்ற தாழ்வாரம் வெயிலையும் சாய்ந்தடிக்கும் மழையையும் சுவரிலிருந்து விலக்கியது. சன்னல்களின் மரச்சிறகுக் கதவுகள் வெளிச்சத்தைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விட்டன. நடுக்கூடம் மேல்தளம் வரை திறந்திருந்தமையால் காற்று ஏறிச் செல்ல ஒரு வழி கிடைத்தது. மின்விளக்கும் மின்விசிறியும் அவ்விடுதிக்கு முன்னதாகவே வந்துசேர்ந்தன. அதுவரை கூரையில் தொங்கிய துணிவிசிறியைக் கயிற்றால் இழுப்பதற்கு ஆள் தேவைப்பட்டது. மின்விசிறி வந்தபின் அவ்வேலையும் மறைந்தது.

தொடக்கத்தில் விடுதியின் முன்னே கடல் இருந்தது. பின்னர்க் கடலைத் தூர்த்து நிலம் விரிவாக்கப்பட்டமையால், பீச் ரோடு கடற்கரையை இழந்து பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. பினாங்கு விடுதி அவ்வாறன்று. அதன் கடற்சுவரில் இன்றும் அலை மோதுகிறது.

தாழ்வாரத்தைப் பற்றி மேலும் ஒன்று சொல்லவேண்டும். ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டம், கடைவீடுகளின் முன்னே தொடர்ந்து செல்லும் கூரையிட்ட நடைவழி வேண்டுமென விதித்தது. மலாயில் அது 'காக்கி லீமா'. நம் மக்கள் அதனை 'அஞ்சடி' என்றனர். அவர் பெயர்தாங்கிய விடுதியின் தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலிகள் இருந்தன. தெருவின் அஞ்சடியிலோ காவல்காரரும் கூலிகளும் இரவில் கயிற்றுக்கட்டில் விரித்துப் படுத்தனர். ஒரே கட்டட உறுப்பு ஒருவர்க்கு மாலைப்பொழுதின் இன்பமாகவும் மற்றொருவர்க்கு வீடாகவும் இருந்தது.

4. சுண்ணாம்பும் சான்றும்

'அவ்விடுதிகளைக் கட்டியவர் தமிழரே' என்று மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். ஆர்வம் புரிகிறது. ஆனால் வரலாற்றைச் சான்றோடு பேசவேண்டும். சான்றுள்ள செய்தியே நமக்குப் போதிய பெருமை தருவது.

சிங்கப்பூரின் தொடக்ககாலப் பொதுக் கட்டடங்களிலும் சாலைகளிலும் இந்தியக் கைதிகளின் உழைப்பு இருந்ததற்கு உறுதியான ஆவணம் உண்டு. 1833இல் கைதிகளின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன், அவர்களைக் கொண்டே நார்த் பிரிட்ஜ், சவுத் பிரிட்ஜ் சாலைகளை அமைத்தார். 1861இல் திறக்கப்பட்ட புனித அந்திரேயா தேவாலயத்தை எழுப்பியவரும் இந்தியக் கைதிகளே. அதன் சுவர்ப்பூச்சு 'மெட்ராஸ் சுனாம்' எனப்பட்டது. சங்குச் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் வெல்லமும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசி, காய்ந்தபின் பளபளக்கும்வரை தேய்த்தனர். கைதிகளை மேற்பார்வையிட்ட மெக்நேர் என்னும் அதிகாரி 1899இல் வெளியிட்ட நூலில் இச்செய்முறை பதிவாகியுள்ளது. 'சுனாம்' நம் சுண்ணாம்பே. செய்முறையும் பெயரும் சேர்ந்தே கடல்கடந்தன.

கோல்மன் 1829இல் தமக்கெனக் கட்டிய வீடு பின்னர் விடுதியாயிற்று. சிங்கப்பூரின் முதல் விடுதிகளுள் ஒன்றாகிய லண்டன் விடுதி 1840களில் அங்கே இயங்கியது. கைதிகளைக் கண்காணித்தவரின் இல்லம் விருந்தினர் இல்லமானது காலத்தின் கோலம்.

ஆனால் இச்சான்றை நீட்டி, ராஃபிள்ஸ் விடுதியையும் கைதிகள் கட்டினர் என்று சொல்லலாகாது. சிங்கப்பூரின் இந்தியக் கைதிச் சிறை 1873இல் கலைக்கப்பட்டது. விடுதிக் கட்டடம் எழுந்ததோ அதற்கு இருபத்தாறு ஆண்டுகள் கழித்து. 'சத்ரி'யையும் 'சத்திர'த்தையும் குழப்புவது போன்ற பிழையே இது. ஒலி ஒப்புமை உறவாகாதது போல, ஊர் ஒப்புமையும் உறவாகாது.

5. சொற்கள் தரும் சாட்சி

கல்லில் காணாத இடத்தில் சொல்லில் காணலாம் என்றோம். ஒரு விருந்தினர் பினாங்கில் வந்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அவர் வந்த கலத்தை மலாயில் 'காப்பால்' என்பர். அது நம் கப்பல். அவர்தம் பயணப்பெட்டி 'பெத்தி'. அது நம் பெட்டி. அவர் படுக்கும் இடம் 'காத்தில்'. அது நம் கட்டில். அவர் பொருள் வாங்கும் இடம் 'கெடாய்'. அது நம் கடை. அவர் தங்கும் உயர்ந்த கட்டடத்தைப் பழைய மலாய் இலக்கியச் சொல்லால் குறிப்பதாயின் 'மஹ்லிகாய்'. அது நம் மாளிகை.

உணவு மேசைக்கு வருவோம். ஆங்கிலேயர் விரும்பிய 'மல்லிகடானி' என்னும் வடிசாறு, நம் மிளகுத்தண்ணீர். அதனையடுத்து வரும் 'கரி', நம் கறி. உண்டபின் தாழ்வாரத்தில் அமர்ந்து அவர் பற்றவைக்கும் 'செரூட்', நம் சுருட்டு. திருச்சிராப்பள்ளிச் சுருட்டுக்கு ஆங்கிலேயரிடையே தனிப்பெயரே இருந்தது. துறைமுகத்துச் சரக்கறையாகிய 'கொடவுன்', மலாயின் 'குடாங்' வழியே நம் 'கிடங்கு' என்னும் சொல்லோடு உறவுடையது என்பது அறிஞர் பலர் ஏற்ற கருத்து.

இச்சொற்கள் பெருவிடுதிகளில் பிறந்தவை அல்ல. விடுதிகளுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, தமிழ் வணிகர் கடாரத்திற்கும் மலாக்காவிற்கும் வந்துபோன காலத்தில் மலாயில் கலந்தவை சில. ஆங்கிலேயர் சென்னையில் வாழ்ந்தபோது அவர் நாவில் ஏறியவை சில. முன்னவை தமிழர் வணிகராக வந்ததைச் சொல்கின்றன. பின்னவை தமிழர் சமையற்காரராகவும் பணியாளராகவும் இருந்ததைச் சொல்கின்றன. இவ்விரு நிலைகளின் இடைவெளியே நம் வரலாற்றின் பெருந்துயரம்.

6. மற்ற விடுதிகள்

அப்படியாயின் தமிழர் எங்கே தங்கினர்? நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல்கள் பினாங்கிற்கு வந்தன. 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலை நம் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். மேல்வகுப்புப் பயணி கரையிறங்கி ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் விடுதிக்குச் செல்லலாம். தளத்தில் படுத்து வந்த தோட்டத் தொழிலாளியோ ஜெரஜாக் தீவின் தொற்றுத்தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். மலாயாவில் அவர் உறங்கிய முதல் இடம் அதுவே. அங்கிருந்து தோட்டத்தின் லயத்திற்குப் போனார்.

வணிகராக வந்த நகரத்தார் தங்கியது கிட்டங்கியில். பினாங்கிலும் கோலாலம்பூரின் லெபோ அம்பாங்கிலும் சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஓரிடம். அவ்விடத்தில் ஒரு மேசைப்பெட்டி, கணக்கேடு, இரும்புப் பெட்டகம். பகலில் அது கடை. இரவில் பாய் விரித்தால் அதுவே படுக்கை. சமையலும் உணவும் பொது. கட்டடக்கலை நோக்கில் கிட்டங்கி ஒரு கடைவீடு. வாழ்க்கை நோக்கில் அது அலுவலகம், வங்கி, விடுதி, ஊர்ச்சபை ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தது. பெருவிடுதி தனியறையால் மதிப்புப் பெற்றது. கிட்டங்கி பொதுக்கூடத்தால் நிலைபெற்றது.

இவ்விடத்தில் நம் பக்கத்துக் குறையையும் மறைக்கலாகாது. சத்திரங்கள் அறச்சாலைகளே. எனினும் உண்ணும் பந்தியில் அங்கே சாதி பார்க்கப்பட்டது. உணவுக்கடைகளிலும் அவ்வாறே. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையிலிருந்த சாதிப்பெயரை நீக்கக் கோரிப் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்து சிறை சென்றனர். ஐரோப்பியர் தம் மன்றங்களில் நிறம் பார்த்ததை எழுதும் நாம், நம் பந்தியில் பிறப்புப் பார்த்ததையும் எழுதவேண்டும்.

7. ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள்

பெருவிடுதியையும் தோட்டத்து லயத்தையும் தனித்தனி உலகங்களாக எண்ணுகிறோம். 1930களின் வரலாறு அவ்வெண்ணத்தை மாற்றுகிறது. 1920களில் ரப்பர் விலை உயர்ந்தபோது, தோட்டத்துரைமார் விடுதிகளில் பணத்தை இறைத்தனர். நடனக்கூடங்களும் புதிய கட்டடப் பகுதிகளும் எழுந்தன. அந்தப் பணம் தோட்டத்தில் பால்வெட்டிய கைகள் ஈட்டியது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ரப்பர் விலை சரிந்தது. 1931இல் அர்சாக் சார்க்கீஸ் பினாங்கில் காலமானார்; அவ்வாண்டே சார்க்கீஸ் நிறுவனம் கடனில் மூழ்கி நொடித்தது. அதே ஆண்டுகளில், வேலையற்ற தமிழ்த் தொழிலாளர்கள் இலட்சக்கணக்கில் கப்பலேற்றித் தாயகம் அனுப்பப்பட்டனர்.

ஒரே விலைச்சரிவு மாளிகையையும் உலுக்கியது, லயத்தையும் வெறுமையாக்கியது. மாளிகை 1933இல் புதிய நிறுவனத்தின் கையில் மீண்டெழுந்தது. திருப்பியனுப்பப்பட்டோரின் கதையை எழுத எவரும் பதிவேடு வைக்கவில்லை.

இரயில் நிலைய விடுதிகள் இவ்வுறவை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. கோலாலம்பூர் இரயில் நிலையம் ஆர்தர் பெனிசன் ஹப்பக் வடிவமைக்க 1910இல் எழுந்தது. அதனுள்ளேயே ஒரு விடுதி இருந்தது. அதன் எதிரே 1932இல் மெஜஸ்டிக் விடுதி 51 அறைகளோடு திறக்கப்பட்டது. முன்னது குவிமாடங்களும் வளைவுகளும் நிறைந்த இந்தோ சரசனிக் பாணி. பின்னது நேர்க்கோடுகளும் அடக்கமான அணிகளும் கொண்ட ஆர்ட் டெக்கோ காலத்துக் கட்டடம். தெருவைக் கடக்கும் தொலைவில் இருபத்திரண்டு ஆண்டுகளின் சுவை மாற்றத்தைக் காணலாம். அவற்றுக்குச் சற்றுத் தெற்கே பிரிக்ஃபீல்ட்ஸ். செங்கற் சூளைகளால் பெயர்பெற்ற அப்பகுதியில்தான் இரயில்வேயில் பணியாற்றிய தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் குடியிருந்தனர்.

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையமும் 1932இல் திறக்கப்பட்டதே. அதன் மேல்தளங்களிலும் விடுதி இருந்தது. முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றை உருவகிக்கும் நான்கு பளிங்குச் சிலைகள். உள்ளே, உயர்ந்த கூடத்தின் சுவர்களில் மலாயா வாழ்வைக் காட்டும் பெரிய ஓவியப் பலகைகள். நெல் நடுவோர், ஈயம் எடுப்போர், மாட்டுவண்டி ஓட்டுவோர், ரப்பர் மரத்தில் பால்வெட்டுவோர் அவற்றில் இருக்கின்றனர். விடுதியில் அறை பெறவியலாத தொழிலாளி, விடுதியின் சுவரில் அழகுப்பொருளாக இடம்பெற்றார். இவ்வரலாறு முழுவதையும் ஒரே காட்சியில் சொல்லவேண்டுமாயின், அச்சுவரைக் காட்டினால் போதும். அந்நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30 அன்று புறப்பட்ட கடைசி இரயிலை ஓட்டிச் சென்றவர் நம் ஜொகூர் சுல்தான்.

8. காக்கப்பட்டவையும் கரைந்தவையும்

போர்க்காலத்தில் ராஃபிள்ஸ் விடுதியின் பெயர் 'ஷோனான் ரியோக்கான்' என மாறியது. 'ஷோனான்' சிங்கப்பூருக்குச் சப்பானியர் இட்ட பெயர். 'ரியோக்கான்' அவர்தம் மரபு விடுதிக்குரிய சொல். ஆட்சி மாறினால் முதலில் பெயர்ப்பலகை மாறும் என்பதற்கு இது சான்று. 1945க்குப்பின் பழைய பெயர் மீண்டது. 1987இல் அவ்விடுதி தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1989இல் மூடப்பெற்று 1991இலும், மீண்டும் 2017இல் தொடங்கிய சீரமைப்புக்குப்பின் 2019இலும் திறக்கப்பட்டது. பினாங்கு விடுதி 1996இல் மூடி 2001இல் திறந்தது. மெஜஸ்டிக் 1984 முதல் 1998 வரை தேசியக் கலைக்கூடமாக இருந்து, 2012இல் மீண்டும் விடுதியாயிற்று.

எல்லாமே காக்கப்படவில்லை. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் விடுதியோடு போட்டியிட்ட யூரோப் விடுதி இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் 1939இல் உச்சநீதிமன்றம் எழுந்தது. கோல்மனின் வீடு 1965இல் இடிக்கப்பட்டது. மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளும் நகரச் சீரமைப்பில் மறைந்தன. ஒரு கட்டடம் நிலைப்பதற்கு அதன் அழகு மட்டும் போதாது. அதைப் பற்றி எழுதுவோர் இருக்கவேண்டும். பெருவிடுதிக்கு எழுத்தாளர் விருந்தினராக வந்தனர். எனவே அது எழுதப்பட்டது. கிட்டங்கிக்குள் இருந்தவர் வரவு செலவை மட்டுமே எழுதினர். லயத்தில் இருந்தவர்க்கு எழுதும் ஓய்வே கிட்டவில்லை.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் இங்கிருந்தே எழுகிறது. கோத்தா திங்கி மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் செம்பனை நட்டாயிற்று. பல இடங்களில் லயங்கள் போய்விட்டன. அங்கே வாழ்ந்த முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். லயத்தின் அறை எத்தனை அடி, அடுப்பு எங்கே இருந்தது, விருந்தினர் வந்தால் யார் எங்கே படுத்தனர், துரையின் பங்களாவில் வேலை செய்தவர் அங்கிருந்த பொருள்களை எந்தப் பெயரால் அழைத்தனர் என்று கேட்டு எழுதுங்கள். ஒரு வகுப்பு, ஒரு பருவத்தில், ஒரு தோட்டத்தின் இருப்பிட வரைபடத்தையும் நூறு சொற்களையும் தொகுத்தாலும் போதும். கேட்டது எது, கண்டது எது, ஊகித்தது எது என்று மூன்றையும் தனித்தனியே குறிக்கும் பழக்கத்தை அத்தொகுப்பிலேயே மாணவர் கற்பர்.

மலாய்மொழியில் இன்றும் படுக்கைக்குக் 'காத்தில்' என்றே பெயர். ராஃபிள்ஸ் விடுதியின் உயர்ந்த அறையில் கிடப்பதும் காத்திலே. லயத்தின் மூலையில் கிடந்ததும் காத்திலே. அக்கட்டிலின் சொல் நம்மிடமிருந்து சென்றது என்பதை அகராதி காத்துவைத்திருக்கிறது. லயத்துக் கட்டிலில் படுத்தவர் யார் என்பதைக் காத்துவைக்க, அவரைக் கேட்டு எழுதும் மாணவர் வேண்டும்.